இரண்டு தடவை பொரியும் காப்பிக் கொட்டை குறித்து

விஸ்வநத்தம்,
18.2.2007

பெருமதிப்பிற்குரிய மச்சான் கனகசபாபதி அவர்களுக்கு, தங்கள் தங்கை செல்லக்கனியைக் கட்டிய வெள்ளைத்துரை வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. போடியில் தாங்களும் அக்காவும் காப்பிக் கடையும் சௌக்கியமாக இருக்க பத்திரகாளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சௌக்கியம். தங்கள் தங்கையின் சௌக்கியத்தை இப்போதெல்லாம் பக்கத்து வீட்டில்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் தாங்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பட்டாசு கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து, போர்மேனாகி, ஒரு விரல்கூடக் குறையாமல் இந்தப் பொங்கலோடு ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவனுக்கு மற்ற மச்சான்மார் ஒரு வேட்டி எடுத்துத் தருவார்கள், இல்லையென்றால் ஒரு துண்டாவது போர்த்துவார்கள். தாங்கள் ஐந்து கிலோ பச்சைக் காப்பிக் கொட்டையும் கைப்பிடி வைத்துச் சுற்றுகிற இரும்பு உருளை ஒன்றையும் லாரியில் போட்டு அனுப்பினீர்கள். கூடவே ஒரு சீட்டு. 'சும்மா உட்கார வேண்டாம். கரி அடுப்பில் வறுத்து, அன்றைக்கே அரைத்துக் குடித்தால்தான் அது காப்பி. முதலில் படபடவென்று பொரியும். அதோடு இறக்கினால் புளிக்கும். பொறுத்திருந்தால் இரண்டாம் தடவை மெதுவாகப் பொரியும். அப்போது இறக்குங்கள், மணமும் இனிப்பும் அதில்தான். அதைத் தாண்டினால் கரி.' இது தங்கள் கையெழுத்து. சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, நான் எழுதவே இல்லை என்று நாளைக்குத் தாங்கள் சொல்ல முடியாது. ஒரு பொருள் படபடவென்று பொரியுமாம், பொரிந்த பிறகும் அதன் முன்னாலேயே குத்தவைத்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, அடுத்த பொரியலுக்குக் காத்திருக்க வேண்டுமாம். மச்சான், இதை ஒரு போர்மேனுக்கு எழுதலாமா? எங்கள் கம்பெனியில் எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே அனுப்பியிருப்பேன்.

இருந்தாலும் மச்சான் சொல்லாயிற்றே என்று மரியாதைக்கு முதல் நாள் வறுத்தேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்யவில்லை. முன்வாசல், பின்வாசல் இரண்டையும் திறந்து வைத்தேன். மணல் வாளி இரண்டு, தண்ணீர் வாளி ஒன்று. தீப்பொறி பட்டால் உடம்போடு ஒட்டிக்கொள்கிற நைலக்ஸ் சேலையோடு வந்த தங்கள் தங்கையை உள்ளே அனுப்பிப் பருத்திச் சேலை மாற்றிவரச் சொன்னேன். அவள் அதற்கே ஒரு மாதிரி பார்த்தாள். சுற்றினேன், கொட்டை பச்சையிலிருந்து மஞ்சளாச்சு, மஞ்சளிலிருந்து லேசாச் சிவந்துச்சு, நெல் அவிக்கிற மாதிரி ஒரு வாடை வந்துச்சு, பரவாயில்லையே என்று நினைத்த நிமிஷம் உள்ளே படபடவென்று சத்தம். அவ்வளவுதான், என் கை என்னைக் கேட்கவில்லை. மணல் வாளி தூக்கிக் கவிழ்த்தாச்சு. பிறகு தங்கள் தங்கை மணலைச் சலித்துக் கொட்டையை எடுத்து அரைத்தாள். அது கல்லு மாதிரிக் கடினம், அரைக்கிற மிஷினின் கைப்பிடி வளைந்துபோச்சு. காப்பி வைக்கோல் ஊறின தண்ணி நிறத்தில் இருந்தது. வாயில் வைத்தால் அப்படி ஒரு புளிப்பு, கூட கொஞ்சம் நறநறப்பு. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை இன்னொரு மணல் வாளியில் ஊற்றினாள்.

மூன்று நாள் கழித்து மறுபடி வறுத்தேன். இந்தத் தடவை மணலைத் தொடுவதில்லை என்று முடிவு. சத்தம் வந்ததும் கம்பெனி முறைப்படி வீட்டைக் காலி செய்துவிட்டேன். சத்தம் கேட்டால் அரை மணி நேரத்துக்கு ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது என்பது நான் வேலை பார்த்த இடத்தில் சட்டம். தெருவில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது நிமிஷம் ஜன்னல் வழியாகப் புகை. தெருவே கூடிருச்சு. வீட்டுக்குள்ள வச்சுத் திருட்டுத்தனமா சரவெடி பின்றாகளோன்னு ஒருத்தர் கேக்க, அந்தப் பக்கமா ஜீப்புல போன பட்டாசு சோதனை ஆபீசர் ஒருத்தர் இறங்கிட்டார். உள்ளே என்ன என்றார், காப்பி என்றேன். உள்ளே போகணும் என்றார், இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி இருக்குங்க என்று கையை நீட்டி மறித்தேன். அவருக்குச் சந்தேகம் கூடிருச்சு. நேரம் முடிந்து உள்ளே போனால் கொட்டை அத்தனையும் கருகி, எண்ணெய் கக்கிப் பளபளன்னு கிடக்கு. சந்தேகம் தீரட்டும் என்று அதையே அரைத்து ஒரு டம்ளர் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார், கேஸ் எழுத எடுத்த நோட்டை மூடினார். "பட்டாசு இல்லைன்னு தெரியுது. என்னதுன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஆகவே மச்சான், தாங்கள் அனுப்பிய கொட்டையில் இரண்டே ருசிதான் இருக்கிறது. ஒன்று புளிப்பு, இன்னொன்று கரி. நடுவில் மணமும் இனிப்புமாக ஏதோ வரும் என்று எழுதினீர்களே, அது இந்த லோடில் ஏறவில்லை. எங்கள் தொழிலில் இப்படிச் சரக்கு வந்தால் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவோம்.

சரக்கு கெட்டது போகட்டும். அன்றிலிருந்து தங்கள் தங்கை காலையில் ஆறு மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டுத் தங்கத்தாயிடம் போய்க் காப்பி குடிக்கிறாள். கடையில் வாங்கிய தூளாகத்தான் இருக்கும், பாதி சிக்கரி. அதைக் குடித்துவிட்டு அந்த வீட்டு முற்றத்தில் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. முப்பத்தோரு வருஷம் ஆறு மணிக்குக் கம்பெனி வேனில் ஏறினவன் நான். வேலை நாளில் ஒரு காலையாவது பெண்டாட்டி எதிரில் உட்கார்ந்து நிதானமாக ஒரு டம்ளர் காப்பி குடித்தது கிடையாது. இனிமேல் தினமும் அப்படிக் குடிக்கலாம் என்று ஆசையோடு வீட்டுக்கு வந்தேன். வந்தால் எதிரில் ஆள் இல்லை. வயிறு எரியுது மச்சான். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டதற்கு, "அங்கன வாளிய வச்சுக்கிட்டு யாரும் நிக்கல. உக்காந்து குடிக்கலாம்" என்கிறாள்.

கொட்டையில்தான் கோளாறு என்று தாங்கள் தங்கைக்குத் தனியாக எழுத வேண்டும். உருளையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மிச்சக் கொட்டையை நான் ஈரச் சாக்கில் சுற்றிக் கொல்லையில் தனியாக வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் கடையில் வறுக்கிற ஆட்களுக்கு அம்மன் நீண்ட ஆயுளைத் தரட்டும், அது அவர்களுக்கு ரொம்பத் தேவை.

இப்படிக்கு,
மனம் நொந்த
வெ. வெள்ளைத்துரை

பின்குறிப்பு: அண்ணனுக்குச் செல்லக்கனி எழுதுறது. தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் குடுத்தாக, படிச்சிட்டேன். கொட்டை நல்ல கொட்டை. தங்கத்தாய் வீட்டுல நான் குடிக்கிறது சிக்கரியும் இல்ல, கடைத்தூளும் இல்ல. இவுக பேப்பர் படிக்கப் போற நேரமாப் பாத்து, ஈரச் சாக்கு சுத்துறதுக்கு முன்னாடியே ஒரு கிலோ எடுத்துட்டுப் போயி, அவ வீட்டு இருப்புச்சட்டில ரெண்டாவது சத்தம் வரைக்கும் வறுத்தேன். நீங்க எழுதுன மாதிரியே அம்புட்டு மணம். இவுக எழுதாம விட்டது ஒண்ணு இருக்கு. வீட்டைக் காலி செஞ்சேன்னு எழுதியிருக்காகள்ல, காலி செஞ்சது என்னையத்தான். சத்தம் கேட்டதும் என் கையப் பிடிச்சு இழுத்துட்டுத் தெருவுக்கு ஓடுனாக. ஆபீசர மறிச்சது ஒரு கையி, இன்னொரு கையி என்னைய விடவே இல்ல. நான் பக்கத்துல நிக்கிறேனான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தாக. இவுக வேலைக்குப் போன காலத்துல சாயங்காலம் வேன் வர்ற வரைக்கும், கம்பெனிப் பக்கம் சத்தம் கேட்டுருமோன்னு நான் இருந்த இருப்பு அதுதாண்ணே. அத இவுககிட்ட எப்பவும் சொன்னதில்ல. அதனால இனிமே கொட்டைய அங்கனயே வறுத்து அனுப்பிருங்க, நாங்க இங்கன எதிர் எதிரா உக்காந்து குடிச்சுக்கிடுறோம். பதில் எழுதுறப்ப கோளாறு கொட்டையிலதான்னு ஒத்துக்கிடுங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.