முட்டை தின்னாத பண்ணைக்காரன்

பரமத்தி வேலூர்.

மதிப்பிற்குரிய மச்சான் மயில்சாமி அவர்களுக்குச் செல்லமுத்து வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை உஷாராணியும் பன்னிரண்டாயிரம் கோழிகளும் சுகம். அங்கே உங்கள் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் அனைவரையும் கபிலர்மலை முருகன் காக்கட்டும்.

பால், தயிர், முட்டை எதுவும் இல்லாத சாப்பாடு காலத்துக்கும் உடம்புக்கு ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் உங்கள் தங்கை காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். என் மகள் கனிஷ்கா ஐந்து வருடமாக அப்படித்தான் சாப்பிடுகிறாள், கல்லுப்போல இருக்கிறாள். எனக்குக் கொழுப்பு ஏறியதும் அவள் சொல்லி நானும் மாறினேன். கோழிப்பண்ணைக்காரன் முட்டை தின்னமாட்டானாம் என்று ஊரே சிரித்தது. ஆனாலும் இரண்டு வருடத்தில் கொழுப்பு இறங்கியது, தொப்பை போனது, பழைய சட்டையெல்லாம் தோளில் தொங்கியது.

தை மாதம் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. ஒருநாள் பண்ணையைச் சுற்றிவிட்டு வந்தால், ஒரு காலில் செருப்பில்லை, உள்ளங்காலில் ஆணி ஏறி ரத்தம் வழிகிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கொட்டகைக்குள் கால் வைத்ததும் பன்னிரண்டாயிரம் கோழிகளும் ஒரே நேரத்தில் சத்தத்தை நிறுத்தின. எல்லாம் தலையைச் சாய்த்து என்னையே பார்த்தன. மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல், மரியாதை குறையாமல் கேட்டது.

"ஏனுங்க, நீங்க திங்காததை ஊருக்கு ஏனுங்க விக்கறீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. என்னத்தைச் சொல்வது, மச்சான்? அதற்கப்புறம் ஒன்பது நாள் அதே கேள்வி. இன்றுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. பத்தாம் நாள் தீவன மூட்டை மேலேயே விழுந்துவிட்டேன். நாமக்கல்லில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், பி12 சத்து அடியோடு இல்லை, இது நரம்பையும் புத்தியையும் கலக்கும் என்றார். கனிஷ்கா என்னை நேராகப் பார்த்தாள்.

"மாசா மாசம் வாங்கிக் குடுத்த மாத்திரையைப் போட்டீங்களாப்பா?"

சீக்கில்லாதவனுக்கு மாத்திரை எதற்கு, வீணாகவும் போகக்கூடாதே என்று அத்தனையையும் கோழித் தண்ணீரில் கலந்து விட்டிருந்தேன். அதைச் சொன்னதும் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஊசி போட்டார்கள். இப்போது காலில் மணல் குத்தினால்கூடத் தெரிகிறது, குரலும் நின்றது. இந்தச் சாப்பாட்டை ஆயுசுக்கும் சாப்பிடலாம், அந்த ஒரு சத்தை மட்டும் விடாமல் எடுக்க வேண்டும் என்பது டாக்டர் வாக்கு. ஆகவே தைரியமாக ஆரம்பியுங்கள், மச்சான்.

பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னதுகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
செல்லமுத்து

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் முட்டை எடுக்கப் போன உஷாராணி பண்ணையிலிருந்து வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தாள். தினம் இரண்டு முட்டை தின்கிற மனுஷி, உடம்பில் ஒரு குறையும் கிடையாது. முகம் வெளுத்திருந்தது. என்ன என்று கேட்டேன்.

"கொட்டகைக்குள்ள உங்களைக் கேக்கறாங்க" என்றாள். "இன்னும் பதிலே சொல்லலீங்களாமா?"

நீங்கள் எதையும் ஆரம்பிக்க வேண்டாம். இந்த வாரமே கிளம்பி வாருங்கள்.