கப்பல்காரர் வீட்டின் இடது பக்கம்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கல் சுமந்து, கலவை போட்டு, மாடம்பாக்கத்தில் கல்யாண மண்டபம் கட்டினேன். சேலையூரில் மூன்று மாடி. முடிச்சூர் சேற்றில் ஒரு தெருவையே எழுப்பினேன். "இங்கே அஸ்திவாரம் நிற்காது" என்று படித்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

ஆனால் என் வீட்டில் பேச்சு வந்தால் கப்பல்காரர் வீட்டைப் பற்றித்தான்.

எண்பதுகளின் கடைசி. மேஸ்திரியிடம் சண்டை போட்டுப் பிரிந்து, தனியாக நான் எடுத்த முதல் வேலை. சொதப்பினால் மறுபடி அவரிடமே போய்க் கைகட்டி நிற்க வேண்டும். வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் அதிகாரி. மனை, ஏரியை ஒட்டி. கப்பலேறக் கிளம்பிய அன்று, தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"வீட்டைக் கப்பல் மாதிரி நெனச்சுக்கப்பா. வாசல்தான் முன்பக்கம். போர்ட் சைடு பெட்ரூம், ஸ்டார்போர்ட் சைடு கிச்சன். புரிஞ்சுதா?"

"இன்னா சார், இதுகூடவா தெரியாது?" என்றேன். (தெரியாது.)

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் மச்சானிடம் கேட்டேன். "போர்ட்டுன்னா லெஃப்டு, இன்னொண்ணு ரைட்டு. அவ்ளோதான்" என்றான். ரோட்டில் நின்று மனையைப் பார்த்தேன். இடது கைப் பக்கம் பெட்ரூம், வலது கைப் பக்கம் கிச்சன். கட்டி முடித்தேன்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் சார் வந்து பெட்ரூம் ஜன்னலைத் திறந்தார். பக்கத்து மனை எருமை அவரை நிமிர்ந்து பார்த்தது.

"ஏரி எங்கப்பா?"

"கிச்சன்ல கீது சார்."

என் தோளைப் பிடித்து, ரோட்டைப் பார்க்க வாசற்படியில் நிறுத்தினார். "கப்பலுக்குள்ள நின்னு முன்பக்கம் பாக்கணும். அப்ப இடது கை எதுவோ அதான் போர்ட். அப்புறம் நீ எப்படித் திரும்பினாலும் அது மாறாது. நீ கரையில நின்னு பாத்திருக்க!"

"நான் கப்பலே ஏறினதில்லையே சார். கரையிலதானே நிக்கிறேன்."

"இடி" என்றார். என் கண்முன் மேஸ்திரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

அப்போதுதான் அவர் மனைவி கிச்சனிலிருந்து வந்தார். கட்டடத்துக்குத் தினம் வந்து மேற்பார்வை பார்த்தவர் அந்த அம்மாதான்.

"ஒண்ணும் இடிக்க வேணாம். அஸ்திவாரம் போட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும். சாப்பிடறப்பகூட 'ஸ்டார்போர்ட் பக்கம் உப்பு இருக்கு, எடு'ன்னு சொல்ற மனுஷனுக்கு வாக்கப்பட்டிருக்கேன். எனக்கா தெரியாது?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க வருஷம் பூரா தண்ணியத்தானே பாக்கறீங்க? நான் அடுப்பைப் பாக்கறேன். இனிமே ரெண்டையும் பாக்கறேன்."

சார் எருமையைப் பார்த்தார். கிச்சனுக்குப் போய் ஏரியைப் பார்த்தார். "பால் காய்ச்ச ஏற்பாடு பண்ணுப்பா" என்றார்.

இன்றைக்கும் நான் கண்ணாடியைத் தேடினால் என் மனைவி, "இடது பக்கம் இருக்கு. வூட்டு இடதா, கப்பல் இடதான்னு நீயே பாத்துக்கோ" என்பாள். சிரிக்கட்டும். அந்த அம்மா ஏரிக் காற்றில் சமைத்தது யாரால்? வாசல் கல்லில் சார் பெயர் மட்டும்தான் இருக்கிறது. என் பெயரையும் வெட்டச் சொல்லுங்கள், இடது பக்கமாக. (எந்த இடது என்று நானே வந்து காட்டுகிறேன்.)