மாப்பிள்ளை போட்ட புரோகிராமை எடுக்க அனுமதி கோரி

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் நல்லபடியாக இருக்கிறோம். எனக்கு முட்டிவலி பழையபடி, அவளுக்குப் படிப்பு பழையபடி. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். ஏனென்றால் இந்த வீட்டில் உடம்பு சரியில்லாமல் கிடப்பது நீங்கள் அன்போடு கொடுத்துவிட்டுப் போன லேப்டாப் மட்டும்தான். அது சம்பந்தமாக உங்களிடம் முறைப்படி ஓர் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. போனில் கேட்கலாமே என்பீர்கள். போனில் கேட்டால் என் வயதுக்கு மரியாதை கொடுத்து "சரி மாமா" என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள், வைத்த பிறகு மனதுக்குள் வருத்தப்படுவீர்கள். கடிதம் என்றால் ஆற அமர யோசித்து, என் மகளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பதில் போடலாம். ஈமெயிலில் எழுதலாம் என்றால், அந்தப் பெட்டி திறந்தால்தானே எழுதுவதற்கு!

விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப் மிகவும் தளர்ந்துவிட்டது. மூடியைத் திறந்துவிட்டு நான் போய்ச் சவரம் செய்து, குளித்து, துணி உலர்த்திவிட்டு வந்தால் அப்போதுதான் உங்கள் திருமணப் படம் பாதி தெரிகிறது. அதுவும் உங்கள் கழுத்து வரைக்கும்தான். என் மகள் வந்து சேர இன்னும் ஒரு காபி ஆகிறது. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வரலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு வருகிறது. இதெல்லாம் எனக்கென்றால் பொறுத்துக்கொள்வேன், எனக்கு என்ன அவசரம்? ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் அத்தைக்கு வாய்மொழித் தேர்வு. வரலாறு முதுகலையில் கடைசிப் பரீட்சை, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து மூன்று பேராசிரியர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நடுவில் திரை நின்றுபோனால் தேர்வுக்கே வராதவர் என்று போட்டுவிடுவார்களாம், அப்புறம் அடுத்த வருடம்தான். கல்யாணத்துக்காக நிறுத்திய படிப்பை இந்த வயதில் திரும்ப எடுத்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். இது கெட்டுப்போனால் அவள் என்னை ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் எனக்குப் பயம்.

சென்ற பருவத் தேர்வின்போது நான் அவள் பக்கத்திலேயே, கேமராவில் படாமல், தரையில் உட்கார்ந்து என்னாலான உதவியைச் செய்தேன். பேராசிரியை, ஒரு பழைய நகரம் எதனால் அழிந்தது என்று கேட்டார். உங்கள் அத்தை மழை, ஆறு, படையெடுப்பு என்று எதையோ சுற்றி வளைத்துக்கொண்டிருந்தாள். நான் தாங்க முடியாமல் "குழாய்ப் பராமரிப்பு சரியில்லை, அதைச் சொல்லு" என்று எடுத்துக்கொடுத்தேன். பேராசிரியை உடனே, "உங்க பக்கத்துல யாரும்மா இருக்காங்க?" என்றார். "யாருமில்லீங்க மேடம், பழைய பிரிட்ஜ். அப்பப்ப இப்படித்தான் சத்தம் போடும்" என்றாள் இவள். மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் அந்த அம்மாவுக்குக் குழாய் பற்றிய ஞானம் இல்லாததுதான் என்பது என் கருத்து. இந்த முறை உங்கள் அத்தை முன்கூட்டியே, "நீங்க லேப்டாப்பை மட்டும் பாத்துக்குங்க, அது போதும்" என்று பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டாள். அந்த நம்பிக்கையை நான் காப்பாற்ற வேண்டாமா?

நீங்கள் கம்ப்யூட்டர் படித்தவர், நான் ஆலையில் பாய்லரைக் கட்டி மேய்த்தவன். இருந்தாலும் எந்த இயந்திரமானாலும் சூடு சூடுதான். அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சட்டைக்கு இஸ்திரி போடலாம் போலிருந்தது. நான்கு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டேன். லேப்டாப் குளிர்ந்ததோ இல்லையோ, உங்கள் அத்தை எழுதி வைத்திருந்த குறிப்புகள் முழுக்கக் கிளம்பி, அதில் ஒரு நூற்றாண்டு வரலாறு பால்கனி வழியாக எதிர்வீட்டு மாமரத்தில் போய்த் தங்கிவிட்டது. அடுத்து சைக்கிள் பம்பை ஓட்டையில் வைத்து அடித்தேன். தூசி வந்தது, ஒரு கரப்பான்பூச்சியின் கால் வந்தது, வேகம் வரவில்லை. உதவி மையத்துக்குப் போன் செய்தால் ஒரு பெண், "சார், ஒரு தடவை முழுசா ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்றாள். "அம்மா, இது எங்க வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து ஒரு தடவைகூட நான் அணைச்சதில்லை, மூடி மட்டும்தான் வைப்பேன்" என்று பெருமையாகச் சொன்னேன். உடனே அவள் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டு, அதை அவரிடம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், பாராட்டத்தான் போலிருக்கிறது. உலையை அணைத்து அணைத்து மூட்டினால் தகடு விரிசல் விடும் என்பது அந்தச் சின்னப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

இதற்குள் செய்தி உறவு வட்டத்தில் பரவிவிட்டது. முதலில் என் சகலை வந்தார். அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே, அத்தையின் அக்கா வீட்டுக்காரர், எந்த வீட்டில் எது பழுதானாலும் பாயசத்துக்கு அழைத்த மாதிரி வந்து நிற்பார். "தம்பி, இது வைரஸ். சந்தேகமே வேணாம்" என்று ஒரு காவல் புரோகிராமைப் போட்டார். அதைத் தன் ஈமெயிலில் பதிவும் செய்துவிட்டார். "யாராச்சும் இதை எடுத்தா எனக்கு உடனே போன்ல தகவல் வந்துடும்" என்று சொல்லிச் சிரித்தார், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் என் மைத்துனர் வந்து பார்த்து, "இந்த ஓட்டைக் காவலை யாரு அத்தான் போட்டது? அந்தப் பெரியவரா? வெளங்கினாப்பலதான்" என்று சொல்லி, ஒரு துப்புரவு புரோகிராமைப் போட்டார். காவல்காரன் துப்புரவுக்காரனைத் திருடன் என்று அலறினான். துப்புரவுக்காரன் காவல்காரனைக் குப்பை என்று கூட்டப் பார்த்தான். இரண்டு பேரையும் சமாதானப்படுத்த மாடிவீட்டு ஹோமியோபதி டாக்டர் மூன்றாவதாக ஒன்றைப் போட்டார். "நோயை அடக்கக் கூடாது சார், வெளிய வர விடணும். முதல்ல கொஞ்சம் அதிகமாகும், பயப்படாதீங்க" என்றார். சொன்னபடியே அதிகமானது. இப்போது திரையில் உங்கள் திருமணப் படம் வருவதற்கு முன்பே இந்த மூன்று பேரும் வந்து, ஆளுக்கொரு சதுரத்தில் நின்றுகொண்டு, மற்ற இரண்டு பேரையும் பற்றி என்னிடம் கோள் சொல்கிறார்கள்.

எடுத்து எறிந்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம், நீங்கள் இளைஞர். சகலை போட்டதை எடுத்தால் அக்கா தங்கை பேச்சு நின்றுபோகும். மைத்துனர் போட்டதை எடுத்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் அடுத்த விசேஷத்தில் பந்தியில் எனக்கு எதிரே உட்கார மாட்டார். டாக்டர் போட்டதை எடுத்தால் மாடியிலிருந்து தண்ணீர் மோட்டாரை அவர் இஷ்டத்துக்குப் போடுவார். ஆகவே யாரையும் புண்படுத்தாமல் லேப்டாப்பைக் கடைத்தெரு மெக்கானிக்கிடம் எடுத்துப்போனேன்.

அந்த ஆள் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் மூன்று போன்களில் ஒரே சமயத்தில் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். "அரை மணில வந்துடும் சார்" என்று ஒருவருக்குச் சொன்ன லேப்டாப் என் கண் முன்னாலேயே எலும்புக்கூடாகக் கிடந்தது. என்னுடையதைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் தூக்கிடலாம் சார். முதல்ல தூக்க வேண்டியது இதோ இது" என்று ஒன்றைக் காட்டினார். மாப்பிள்ளை, நான் எப்படி எழுதுவேன், அது நீங்கள் போட்டது. திருமண வீடியோவைப் பத்திரமாக வேறெங்கோ நகல் எடுத்து வைக்கும் என்று சொல்லிப் போட்டீர்களே, அதுதான். அது தினமும் வீடியோவை முதலிலிருந்து நகல் எடுக்கத் தொடங்கி, நீங்கள் மாலை மாற்றும் இடத்துக்கு வந்ததும் மூச்சு வாங்கி நின்று, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறதாம். லேப்டாப்பின் பலம் முழுவதும் அதற்கே போகிறதாம்.

"அது மாப்பிள்ளை போட்டது" என்றேன்.

"யாரு போட்டா என்ன சார்? அமுக்கினா போயிடும்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிங்க?"

"சார், இதுக்கு ரிப்பேர் வேணாம். உங்க குடும்பத்தையே ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, உக்காந்து பேசித் தீத்துக்குங்க" என்று சொல்லி அடுத்த போனை எடுத்துவிட்டார். நான் மூடியை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மரியாதை தெரியாத கடையில் இயந்திரத்தை விட்டுவைக்க எனக்கு மனம் இல்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் உங்கள் அத்தை காலண்டரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "அவர் சொல்றது சரிதாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் முறையா கேட்டுட்டே எடுப்போம். அக்கா வீட்டுக்காரர்கிட்ட போன்ல கேக்காதீங்க, நேர்ல போறதுதான் மரியாதை. வெள்ளிக்கிழமை காலையில கிளம்புங்க, சாப்பிட்டு நிதானமா வாங்க" என்றாள். எப்பேர்ப்பட்ட பக்குவம் பாருங்கள்! போன வெள்ளிக்கிழமை அப்படியே போனேன். சகலை உபசாரம் எல்லாம் குறைவில்லாமல் செய்தார். நான் மெல்ல விஷயத்தை எடுத்து, அனுமதி கேட்டு முடிக்கும்போது அவர் போன் கிணுகிணுத்தது. பார்த்தவர் முகம் கறுத்துவிட்டது. "எடுத்து எறிஞ்சுட்டுத்தான் அனுமதி கேக்க வந்தியா தம்பி?" என்றார். நான் பெற்ற மகள் மேல் ஆணையிட்டுச் சொன்னேன், லேப்டாப் வீட்டில் இருக்கிறது, அதைத் தொட ஆளில்லை என்று. அவர் நம்பவில்லை. மோர்கூடக் குடிக்காமல், இரண்டு பஸ் மாறிச் சாயங்காலம் வீடு திரும்பி முதல் வேலையாக மூடியைத் திறந்து பார்த்தேன். சவரம், குளியல், துணி உலர்த்தல் எல்லாம் ஆன பிறகு சகலையின் காவல்காரன் வழக்கமான இடத்தில் வழக்கமான கோளைச் சொல்லிக்கொண்டு நின்றான். அவருடைய போனுக்கும் வயதாகிவிட்டது என்று நினைக்கிறேன். ஊரிலுள்ள லேப்டாப்பையெல்லாம் பார்க்கிறவர், தன் போனைப் பார்க்க மாட்டேன் என்கிறார்.

ஆக மாப்பிள்ளை, என் வேண்டுகோள் இதுதான். தாங்கள் போட்ட நகல் புரோகிராமை எடுத்துவிட எனக்கு எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். திருமண வீடியோமீது எனக்கு அவமதிப்பு ஏதும் இல்லை. மாலை மாற்றும் இடம் வரைக்குமாவது அது பத்திரமாக இருக்கிறது என்பதில் எங்களுக்கு நிம்மதி. ஆனால் வெள்ளிக்கிழமை உங்கள் அத்தை அந்தத் திரைக்கு முன்னால் உட்காரும்போது அது நிற்கக் கூடாது. வேலையில் இருந்தவரைக்கும் ஆலையில் நூறு பேர் என் கைகாட்டலுக்காகக் காத்திருப்பார்கள். ஓய்வுபெற்ற பிறகு எனக்காகக் காத்திருப்பது பால் பாத்திரம் ஒன்றுதான், அதையும் பொங்கவிட்டுவிடுகிறேன். இப்போதுதான் உங்கள் அத்தை என்னை நம்பி ஒரு வேலையைத் தந்திருக்கிறாள். "மெதுவா பாருங்க, அவசரமே இல்லை" என்று தினமும் தெம்பு சொல்கிறாள். பரீட்சையை வைத்துக்கொண்டு இவ்வளவு பதற்றம் இல்லாமல் இருக்கும் மனுஷியை நான் கண்டதில்லை. அவள் தோற்கக் கூடாது மாப்பிள்ளை. என்னால் தோற்கவே கூடாது.

கடிதம் உங்கள் கைக்கு வெள்ளிக்கு முன் வருமா என்ற கவலை இருக்கிறது. எனவே இன்றே உறையில் போட்டு, ஒட்டி அனுப்பும்படி உங்கள் அத்தையிடமே கொடுக்கிறேன். என் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, எதையும் நகல் எடுக்கத் தேவையில்லாத நினைவுகளோடு நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, நான் அத்தை எழுதுகிறேன். உறையை ஒட்டும் முன் இதைச் சேர்க்கிறேன், மாமாவுக்குத் தெரிய வேண்டாம். பரீட்சை போன வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. அவர் அக்கா வீட்டுக்குக் கிளம்பியதும் அந்த மெக்கானிக்கிடம் போனில் வழி கேட்டு, நாலு பேர் போட்டதையும் எடுத்துவிட்டு, ஒரு தடவை அணைத்துப் போட்டேன். உங்களுடையதையும்தான், தப்பாக நினைக்காதீர்கள். லேப்டாப் புதுசு மாதிரி ஓடியது. நகரம் ஏன் அழிந்தது என்று மறுபடியும் கேட்டார்கள், இந்த முறை நான் நினைத்ததை நானே சொன்னேன். பாஸ் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். அக்காவிடம் சொல்லிவிட்டேன், அவர்கள் வீட்டுக்காரரைச் சமாளித்துக்கொள்வாள். அப்புறம் மாமா வருவதற்குள் எல்லாவற்றையும் இருந்தபடியே திரும்பப் போட்டுவிட்டேன், அவனவன் இடத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை வந்தால் பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்கிறேன், அடுத்து முனைவர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இந்த லேப்டாப் படுத்ததிலிருந்து மாமா என் அலமாரியை அடுக்குவதில்லை, குக்கர் விசிலை எண்ணுவதில்லை, நான் படிக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருவதில்லை. மணிக்கொரு தரம் அதன் அடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்து சூடு எவ்வளவு என்று சொல்கிறார், ராத்திரி நன்றாகத் தூங்குகிறார். புது லேப்டாப் வாங்கி அனுப்புகிறேன் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அவர் கேட்டிருக்கிறாரே, அந்த அனுமதி, அதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருப்பதாக எழுதுங்கள்.