வளையாத முதுகும் வரலாற்று ஜன்னலும்

சான்றிதழ் அலுவலகத்தின் முன்சுவரில், தரையிலிருந்து சரியாக இரண்டரை அடி உயரத்தில் ஒரு ஜன்னல் உண்டு. பொதுமக்கள் சேவைக்கென்று வைத்த ஜன்னல்களில் உலகத்திலேயே இதுதான் தாழ்வானது என்று பக்கத்தில் பித்தளைப் பலகை அடித்து வைத்திருக்கிறார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டடம் குதிரை லாயம். இந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே புல்லைத் தள்ளினார்கள். பிறகு குதிரைகள் போய் அதிகாரிகள் வந்தார்கள். ஜன்னலை உயர்த்த வேண்டும் என்று முதல் அதிகாரி எழுதிய கடிதம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அதுவரைக்கும் மக்கள் குனிந்தார்கள். குனிந்து குனிந்து அதுவே மரபாகி, மரபு முற்றி வரலாறாகி, வரலாறு முற்றிச் சுற்றுலாவாகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கி, ஒரு வேலையும் இல்லாமல் குனிந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நம்ம மூட்டைக்காரருக்கு அங்கே நிஜமாகவே வேலை இருந்தது. கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கியவர். போன மாசம் சிமெண்ட் மூட்டையோடு சறுக்கி விழுந்ததில் முதுகு பலகை மாதிரி ஆகிவிட்டது. நிற்கலாம், நடக்கலாம், நாற்காலியில் விறைப்பாக உட்காரலாம். குனிய மட்டும் முடியாது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முதுகு வளையாதுன்னு சர்ட்டிபிகேட் கொண்டு வந்துடு, கேட்ல உக்கார வெக்கிறேன். இல்லேன்னா வேற ஆளப் போட்டுடுவேன், என்னைத் தப்பா நெனைக்காதே" என்று கிடங்கு மேலாளர் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவியும் படிக்கிற வயசில் இரண்டு பெண்களும். இந்த வேலையும் போனால் நடுத்தெருதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் வரிசையில் நின்று ஜன்னலுக்கு முன்னால் வந்தார். உள்ளே இருந்த அதிகாரிக்கு அவருடைய பெல்ட் மட்டும் தெரிந்தது.

"யாருப்பா அது?"

"நான்தான் சார். முதுகு வளையாத கேஸ்."

"முகத்தைக் காட்டு."

"குனிய முடியாது சார். அதுக்குத்தானே சர்ட்டிபிகேட்டே கேக்குறேன்?"

"விண்ணப்பதாரர் முகத்தை நேரில் பாத்துத்தான் மனுவை வாங்கணும். விதி பதினாலு. பெல்ட்டைப் பாத்து வாங்குன்னு எந்த விதியிலயும் இல்ல."

"அப்ப நீங்க கொஞ்சம் வெளிய வந்து பாத்துடுங்களேன்."

உள்ளே பேனா நின்றது. "நானா? வெளியவா? முந்நூறு வருஷமா இந்த ஜன்னலுக்குப் பின்னால இருந்த யாரும் எழுந்து வந்து பாத்ததில்ல, தெரியுமா?"

அதில் குதிரைகளும் சேர்த்தியா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. காரியம் கெட்டுவிடுமே என்று அடக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

"ஏங்க, பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒரே ஒரு தடவை குனிஞ்சிடுங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் குனிய வேணாம்" என்றாள் மனைவி.

அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. புதன்கிழமை போய்க் குனிந்தார். அம்மா என்று அவர் போட்ட கூச்சலில் மாடத்துப் புறாவெல்லாம் பறந்துவிட்டன. அதிகாரி முகத்தைப் பார்த்தார், மனுவை வாங்கினார், அழகான கையெழுத்தில் எழுதினார்: "மேற்படி நபர் என் முன்னிலையில் முழுமையாகக் குனிந்தார். முதுகு திருப்திகரமாக வளைகிறது. மனு நிராகரிக்கப்படுகிறது."

"சார், உயிரே போயிடுச்சு சார்!"

"உயிர் வேற துறைப்பா. எனக்கு முதுகு மட்டும்தான். நாளைக்குப் புது மனு கொண்டு வா. ஆனா குனியாம குடு."

"குனியாம முகத்தை எப்படிக் காட்டறது?"

"அது உன் சௌகரியம்."

குனிந்தவரால் நிமிர முடியவில்லை. இரண்டு சுற்றுலாக்காரர்கள்தான் பிடித்து நிமிர்த்தினார்கள், அதுவும் படம் எடுத்து முடித்த பிறகு. "எவ்வளவு பயபக்தியோட குனியறார் பாருங்க" என்று ஒரு அம்மாள் கண் கலங்கிவிட்டார். மூட்டைக்காரருக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

விஷயம் கிடங்குக்குப் போனது. வியாழக்கிழமை, கூட வேலை பார்க்கிற நாலு பேர் அவரோடு ஜன்னலுக்கே வந்துவிட்டார்கள். அவர்களில் நெட்டையன் என்பவன்தான் மூளை.

"அண்ணே, நூறு கிலோ மூட்டையவே அசால்ட்டா தூக்குறோம். உங்களைத் தூக்க மாட்டோமா? விறைப்பா இருங்க, அது போதும்."

"அதைத்தான்டா ஒரு மாசமா செஞ்சுக்கிட்டிருக்கேன்."

அப்படியே சாய்த்து, தோளில் இருவர் காலில் இருவர் பிடித்து, அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளுகிற மாதிரி ஜன்னலுக்குள் தலையைத் தள்ளினார்கள். அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"யோவ்! யோவ்! என்னய்யா இது?"

"முகம் சார்."

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முகம் தெரிகிறதா? தெரிகிறது. குனிந்திருக்கிறாரா? இல்லை. சந்தேகத்துக்கு ஒரு ஸ்கேலை எடுத்து முதுகின் மேல் வைத்துப் பார்த்தார். கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. வேறு வழியில்லாமல் முத்திரை குத்தினார். சுற்றுலாக்காரர்கள் கை தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மூட்டைக்காரர் கேட்டில் உட்கார்ந்தார். அடுத்த மாசம் பித்தளைப் பலகையில் ஒரு வரி கூடியது: "படுத்த நிலையில் மனு அளிப்பது இவ்வூர் மக்களின் தொன்றுதொட்ட வழக்கம்." நல்ல முதுகுக்காரர்கள் கூட நாலு பேர் தூக்க வந்து மனு கொடுத்தார்கள். தானே நடந்து வந்து குனிகிறவனை வரிசையில் ஒருவரும் மதிப்பதில்லை. இரண்டரை அடி ஜன்னல்தான் இப்போது நாகரிகம் என்று வங்கியில் இடித்து வைத்தார்கள், மருந்துக் கடையில் வைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். கிடங்கு மேலாளர் மட்டும் சும்மா இருப்பாரா? கேட் அறைக்கும் ஒன்று வைத்தார்.

ஒரு நாள் லாரி டிரைவர் ஒருவர் அந்த ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, ரெண்டு நாளா வண்டி ஓட்டி இடுப்பு விட்டுப் போச்சு. கொஞ்சம் வெளிய வந்து கேட் பாஸ் குடுத்துடுங்களேன், புண்ணியமாப் போகும்."

மூட்டைக்காரர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தபடி வெளியே தெரிந்த சட்டைப் பட்டனைப் பார்த்தார். கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"முதுகே இல்லாத நானே குனிஞ்சவன்யா" என்றார். "உனக்கு வெறும் இடுப்பு வலிதானே? குனி!"

டிரைவர் குனிந்தார். அவருக்குப் பின்னால் நின்ற அடுத்த டிரைவர், தன் முறை வருவதற்கு முன்பே, மரியாதையாகக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.