பால் பொங்கிய கண்ணாடி அடுப்பு

பிரிக்பீல்ட்ஸ்,
12.3.1992

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் பாலன் அவர்களுக்கு, தம்புசாமி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்கா தங்கமணியும் மகள் ரமணியும் உடம்பளவில் சுகம். மனசைப் பற்றி விசாரிக்க வேண்டாம். கிள்ளானில் உங்கள் கடையும் பிள்ளைகளும் செழிக்க முருகன் துணையிருப்பான். போனில் பேசலாமென்றால் உங்கள் அக்கா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் கடுதாசி.

அடுத்த ஞாயிறு காப்பாரிலிருந்து சபாபதி அண்ணன் குடும்பம் ரமணியைப் பெண் கேட்டு வரும்போது சமையலறை லட்சணமாக இருக்கட்டுமென்று உங்கள் கடையிலிருந்து ஒரு கேஸ் அடுப்பு அன்பளிப்பாக அனுப்பினீர்களே, அதை அடுப்பு என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. குனிந்தால் என் முகம் தெரிகிறது, அதுவும் ஷேவ் பண்ணாத முகம். அதற்குக் காலே கிடையாது, மேடைக்குள் இறங்கித்தான் உட்காருமாம். பொருத்த வந்த சீனர் என் சமையல் மேடையை மெஷினால் அறுத்து ஒரு சன்னலே திறந்துவிட்டார். தூசி அடங்கிப் பார்த்தால், மச்சான், கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தாள்கூட நுழையாது! ரயில்வேயில் எத்தனையோ இஞ்சினைப் பார்த்தவன் நான், என்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அதற்குள் உங்கள் அக்கா சந்தனம் குங்குமம் வைத்து, திருகுகிற குமிழில் மல்லிகைச் சரத்தைச் சுற்றிவிட்டாள். பழைய அடுப்பு அன்றைக்கே பழைய இரும்புக்காரரோடு போய்விட்டது.

சீனர் பற்றவைத்துக் காட்டப் போனார். உங்கள் அக்கா குறுக்கே நின்றுவிட்டாள். "நோ, நோ, பாஸ்! மொத நெருப்பு வீட்டுப் பொம்பளதான் வெக்கணும். நல்ல நேரம் இன்னும் வரல லா." பாவம், அடுப்பின் மேல் தண்ணீர் மட்டும் கொட்டக் கூடாது என்று அவர் மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நல்ல நேரம் வந்தது. புதுப் பாத்திரத்தில் கழுத்து முட்டப் பால். உங்கள் அக்கா குமிழைத் திருகினாள். டக் டக்கென்று ஒரு பொறி, உடனே வட்டமாக நீல நெருப்பு! தீப்பெட்டி இல்லை, புகை இல்லை, மண்ணெண்ணெய் வாடை இல்லை. இத்தனை சுத்தமான நெருப்பை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினோம். பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா அங்கிருந்தே குலவை போட்டார். கிழக்கே வழிந்த பால் அதோடு விட்டதா? மேற்கேயும் வழிந்து, நாலு பக்கமும் வழிந்து, நெருப்பையே முழுங்கிவிட்டது. அப்புறம் திருகினால் ஒரு டக் கூட இல்லை.

"தண்ணி படக்கூடாதுன்னு அந்த ஆளு சொன்னாருல்ல?" என்றேன்.

"இது தண்ணியா? பாலு!" என்றாள்.

அடுப்பு போனால் போகட்டும், அடுத்தது கேளுங்கள். மொத நெருப்பே அணைந்த வீட்டில் சம்பந்தம் பேசக்கூடாதாம், காப்பார் சம்பந்தம் வேண்டவே வேண்டாமாம். "பால் பொங்குச்சே, அது நல்ல சகுனந்தானே?" என்றால், "அணைஞ்சது அதுக்கப்புறந்தானே?" என்கிறாள். சபாபதி அண்ணன் மகனும் ரமணியும் சுங்கை வே தொழிற்சாலையில் ஒரே பிரிவில் வேலை செய்கிறார்கள், இருவருக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது என்பது உங்களுக்கே தெரியும். பிள்ளை பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறாள். அடுப்பையோ யாரும் தொடக்கூடாது, தெய்வக் குற்றமாம். நாங்கள் கடைச் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறோம். வேறு வழியில்லை. சபாபதி அண்ணனிடம் எனக்கு நெஞ்சு வலி, இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லோரி அனுப்பி இந்த அடுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் இருக்கிற ஓட்டையை நான் பலகை போட்டு மூடிக்கொள்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு, தலைசுற்றிப்போன உங்கள் மைத்துனர்,
ரெ. தம்புசாமி

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் சமையலறையில் ஒரே இரைச்சல். ஓடிப்போனால் ரமணி அடுப்பில் நெருப்பு வருகிற வட்டத் தலையைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறாள்! அது கழலும் என்றே எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்ததை அவள் சோப்பு போட்டுக் கழுவி, காய்ந்த பால் அடைத்த ஓட்டைகளை ஊக்கால் குத்தி, தலைமுடி காயவைக்கிற மெஷினால் காற்றடித்துத் திருகினாள். டக்! எரிந்தது மச்சான், அதே நீல நெருப்பு! "பாத்தீங்களா, எம்மவ கை பட்டதும் அணைஞ்ச அடுப்பு எரியுது! காப்பார்ல வெளக்கேத்தப் போறவ லா இவ!" என்று உங்கள் அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்? ரமணி சிரிக்காமல், "அப்ப ஞாயித்துக்கெழம வரச் சொல்லட்டாம்மா?" என்று கேட்டாள். "அதுவரைக்கும் எதுக்கு? சனிக்கெழமையே வரச் சொல்லு" என்கிறாள் உங்கள் அக்கா. ஆகவே எனக்கு நெஞ்சு வலி இல்லை. லோரி மட்டும் வரட்டும், எடுத்துப்போக இல்லை. ரமணியின் சீருக்கு இதேபோல் கறுப்பில் இன்னொன்று ஏற்றி அனுப்பவும். சபாபதி அண்ணன் வீட்டுச் சமையல் மேடையை அறுக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடவும்.