மாதா கழுத்தில் மெடல்

எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் படத்தைப் பார்த்துப் பொருள் சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை என்று போன வருஷம் வரை பெரிய எண்ணம். (நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பேத்தி ஸ்டெல்லா. ஏளா, சிரிக்காம எழுது!)

அவள் நானூறு மீட்டர் ஓட்டத்தில் ஜெயித்துத் தங்க மெடல் கொண்டுவந்தாள். அதில் சிறகு வைத்த ஒரு பெண். ஒரு கையில் இலைக் கிரீடம், மறு கையில் நெருப்பு. சிறகு இருப்பதால் சம்மனசு, அதாவது தேவதூதர், கிரீடம் வேதசாட்சிகளுக்கு, நெருப்பு பரிசுத்த ஆவி. முத்தையாபுரத்தில் எங்கள் தெருவுக்கே விளக்கினேன். நாலு பேர் உதட்டில் ஒற்றி முத்தி செய்துவிட்டுப் போனார்கள். (ஒருத்தி மூட்டுவலிக்கு முழங்காலில் தேய்த்தும் பார்த்தாள்.)

மாதா சிலையை வைத்து வீடு வீடாகக் கொண்டுபோகும் மாதா பெட்டி அந்த வாரம் எங்கள் வீட்டில். காலையில் பூமாலை மாற்ற, கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை கண்ணாடிக் கதவைத் திறந்தார். நான் மெடலை மாதா கழுத்தில் போட்டேன். அவர் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு, ஞானஸ்நான வீட்டுக்கென்று கீழவைப்பாருக்கு பஸ் ஏறிவிட்டார்.

ஸ்டெல்லா குளித்துவிட்டு வந்தாள்.

"ஆச்சி, மெடல எங்க? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு பதினோரு மணிக்கு காலேஜ்ல காட்டணும். இல்லன்னா சீட்டு கிடையாது."

"சம்மனச மாதாட்ட சேத்துட்டேன்ளா."

"அது சம்மனசு இல்ல ஆச்சி! ஜெயிச்சவங்களுக்குக் கிரீடம் கொண்டுவார வெற்றித் தேவதை!"

கோயில்பிள்ளை போனை எடுக்கவில்லை. மாதாவின் கண்ணாடியை உடைக்க யாருக்குத் துணிச்சல்? "பெட்டியோட தூக்குங்க" என்றான் என் மகன்.

லோடு ஆட்டோவில் மாதா, ஸ்டெல்லா, நான். துறைமுக ரோட்டில் கண்டெய்னர் லாரிக்காரர்கள் கும்பிட்டு வழிவிட்டார்கள். எங்கேயோ இரண்டு பெண்கள் ஜெபமாலையோடு ஏறியும் கொண்டார்கள்.

காலேஜ் அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "முன்பக்கம் சரிம்மா. எந்தப் போட்டின்னு பின்பக்கம்தான இருக்கும்?"

பின்பக்கம் மாதாவின் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது.

"அத மாதாட்டதான் கேக்கணும் சார். எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, மைதானத்த ஒரு சுத்து ஓடிக் காட்டும்மா."

சுடிதாரோடு, வெறுங்காலோடு, என்னை முறைத்தபடியே ஓடினாள் ஸ்டெல்லா. அதிகாரி கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மெடல் வாங்கியபோதுகூட அவள் அந்த வேகத்தில் ஓடவில்லையாம்.

இப்போதும் அவள் போட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் என் மகன் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்துச் சொல்வான்: "எம்மா, இவ ஜெயிக்கணும்னா, கோவம் வர மாதிரி எதையாச்சும் செஞ்சு வையி."