ஜெயிக்கும்போது மட்டும் அணையும் கம்ப்யூட்டர்

தன் கையாலேயே பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டியவனிடம் கொஞ்ச நாளைக்கு யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. "நல்லாயிருக்கியா?" என்று கேட்டாலும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றித்தான் பதில் வரும். நான் அப்படித்தான் அலைந்தேன். பாகம் பாகமாக மதுரையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்து, கட்டிலில் பரப்பி, வீடியோ பார்த்துப் பார்த்துப் பூட்டினேன். பட்டனை அழுத்தியதும் விசிறிகள் சுழன்று பச்சையும் நீலமுமாக விளக்கு எரிந்ததே, அப்போது ராக்கெட் விட்டவனைப் போல வீட்டைச் சுற்றி ஓடினேன். (கையில் சில ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. அதைப் பற்றி மூச்சு விடவில்லை.)

கொடைக்கானலில் ஏரிக்குப் போகிற வழியில் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஸ்வெட்டர் கடை. பகலில் நான் அங்கே மப்ளர் மடிப்பேன். வீட்டுக்கு வந்துவிட்டால் துப்பாக்கி வீரன். அணிக்கு ஐந்து பேர் சேர்ந்து எதிரணியைச் சுட்டு வீழ்த்துகிற ஆன்லைன் விளையாட்டு அது. எங்கள் அணிக்குக் கேப்டன் வத்தலக்குண்டு பிரபு. ஒரு போட்டியில் தட்டுத் தடுமாறி உள்ளே நுழைந்து, யாருமே எதிர்பாராத விதமாக (முக்கியமாக நாங்களே எதிர்பாராமல்) ஜெயித்துக்கொண்டே போனோம்.

ஜனவரிக் குளிர் வந்தது. கூடவே வினையும் வந்தது. விளையாடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து, கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாகவே மறுபடி எழும். எப்போதும் அல்ல. தோற்கும்போது பாறை மாதிரி நிற்கும். ஜெயித்தால் போதும், பட்டென்று போய்விடும்.

"ஏலே சிராஜு, ஜெயிச்ச ஒடனே எங்கல ஓடிப்போற?" என்று பிரபு போனில் கத்துவான்.

இணையத்தில் கேட்டேன். சூடாகியிருக்கும் என்றார்கள். வாயைத் திறந்தால் புகை வருகிற ஊரில் சூடா? இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வைத்தேன். பனிமூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் அணைவது நிற்கவில்லை. ரேமைக் கழற்றி அழி ரப்பரால் தேய்த்தேன். விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினேன். கடைசியில் கம்ப்யூட்டரையே போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிள்ளையைப் போலக் கட்டிப் பிடித்தேன்.

மதுரைக் கடைக்காரர் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவைகூட அணையவில்லை. "நல்லாத்தானே ஓடுது தம்பி. ஒங்க ஊரு கரண்ட்லதான் ஏதோ கெடக்கு" என்றார்.

கரண்ட்! அன்று வீட்டில் ஊரடங்கு போட்டேன். நான் விளையாடும்போது கீசர் போடக் கூடாது, மிக்ஸி போடக் கூடாது, இஸ்திரிப் பெட்டியைத் தொடவே கூடாது. கொடைக்கானலில் ஜனவரியில் கீசரை நிறுத்துவது எப்பேர்ப்பட்ட கொடுமை என்பது அங்கே குளித்தவர்களுக்குத்தான் தெரியும்.

"ஏம்ப்பா, ஒன் சோலி முடியிற வரைக்கும் நாங்க தலையில தண்ணி ஊத்தக் கூடாதா?" என்றார் அத்தா, பல் கிடுகிடுக்க. அம்மா துவையலை அம்மியில் அரைத்தார். அரைபட்டது துவையலா நானா என்று சந்தேகம் வரும்படி அரைத்தார்.

இறுதிப் போட்டி ஞாயிறு மதியம். இவ்வளவு பாடு பட்டாயிற்றே, பார்த்துவிடுவோம் என்று குடும்பமே என் பின்னால் வந்து உட்கார்ந்தது. பள்ளியில் அறிவியல் டீச்சராக இருக்கும் தங்கை நஸ்ரினும் பரீட்சைத் தாள்களைத் தள்ளி வைத்துவிட்டு வந்தாள். யாரும் ஏமாற்றக் கூடாது என்பதற்காக, ஒவ்வொருவரும் பக்கத்தில் ஒரு போனை வைத்துத் தங்களைச் சத்தத்தோடு படம் பிடித்துக் காட்ட வேண்டும் என்று விதி. அலமாரியில் அத்தாவின் போனைச் சாய்த்து வைத்தேன். நேரடி ஒளிபரப்பின் மூலையில் என் முகமும் தெரிந்தது. பழனியிலிருக்கும் மாமி, அதாவது அத்தாவின் அக்கா, அங்கே எல்லோரையும் கூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் என்றால் அப்படி ஓர் ஆட்டம்! அவர்கள் ஒரு சுற்று எடுக்க, நாங்கள் ஒரு சுற்று எடுக்க, சமமாகவே போனது. கடைசிக்கு முந்தைய சுற்றில் நான் ஒருவன் மட்டும் மிச்சம். எதிரே இரண்டு பேர். ஒருவனைச் சுட்டேன். திரும்பினேன். இன்னொருவனையும் சுட்டேன்!

"ஏய்ய்ய்!" என்று நாற்காலியிலிருந்து குதித்து எழுந்து, கம்ப்யூட்டர் கேபினெட்டின் மேல் கையை ஊன்றினேன்.

திரை கறுத்தது.

நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தி வைப்பதாக பிரபு போன் செய்தான். "வெரசா வாலே! கொஞ்ச நேரந்தான் குடுத்துருக்காங்க!"

"யாரு கீசரைப் போட்டது?" என்று நான் அலறினேன்.

"நாங்க எல்லாரும் இங்கதானடா இருக்கோம்!" என்றார் அம்மா.

நஸ்ரின் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, நீ கை வச்சப்ப டப்புனு ஒரு சத்தம் வந்துச்சு. மறுபடி ஒக்காந்து எந்திரி."

உட்கார்ந்து, எழுந்து, கை வைத்தேன். டப்! அப்போதுதான் எழுந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் மறுபடி படுத்தது. விரலில் சுளீரென்றது. (ஒவ்வொரு தடவையும் சுளீரென்றதுதான். வெற்றி உணர்ச்சி என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்திருந்தேன்.)

"சீப்பை முடியில தேச்சா பேப்பர் ஒட்டுதுல்ல, அதே கரண்ட்டுதான். நாற்காலியில ஒரசி ஒரசி ஒன் ஸ்வெட்டர்ல சேருது. ஜெயிச்சா மட்டுந்தானே நீ துள்ளி எந்திரிக்கிற? கழட்டுண்ணே அதை! சுத்த நைலான்!"

அத்தாவுக்குச் சுருக்கென்றது. "நம்ம கடைச் சரக்கையா கொறை சொல்ற? அசல் கம்பளி!"

"அத்தா, இதுல ஆட்டு முடி ஒண்ணுகூட இல்ல."

"எனக்குத் தெரியாதா? இல்லதான்! அதுக்காகக் கத்தாதம்மா, டூரிஸ்ட்டு காதுல விழுந்தா கடைய மூட வேண்டியதுதான்!"

ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தேன். உள்ளே போட்டிருந்த ஜெர்சியும் அதே ரகம் என்றாள் நஸ்ரின். அதுவும் போனது. ஓட்டை பனியனோடு, பல் தந்தியடிக்க உட்கார்ந்தேன். மறுபடி துள்ளிவிடக் கூடாதென்று அத்தா பின்னால் நின்று என் தோள் இரண்டையும் அமுக்கிப் பிடித்தார்.

கடைசிச் சுற்று. ஹெட்போனில் வர்ணனையாளர் பேச முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். எதிரணிக்காரன் கோமாளித்தனம் ஏதும் செய்திருப்பான் என்று நினைத்தேன். புகைக்குள் ஒரு நிழல் அசைந்தது. சுட்டேன். விழுந்தது! எழத் துடித்தேன். அத்தா விடவில்லை. உட்கார்ந்தபடியே "ஜெயிச்சுட்டோம்! ஜெயிச்சுட்டோம்!" என்று காலை உதைத்தேன். என்னை அமுக்கிக்கொண்டே அத்தாவும் குதித்தார்.

அப்போது வர்ணனையாளர் மூச்சு வாங்கிச் சொன்னார்: "வெற்றி வீரருக்கு வாழ்த்துகள். அந்த அசல் கம்பளிக் கடை எங்க இருக்குன்னு அத்தா சொன்னா, நாங்களும் வந்து வாங்கிக்குவோம்!"

ஸ்வெட்டர்ச் சண்டை நடந்தபோது கம்ப்யூட்டர்தான் அணைந்திருந்தது. போன் அணையவில்லை. என் பனியன், அதிலிருந்த ஓட்டை, ஆட்டு முடி விவகாரம் எல்லாம் ஒன்று விடாமல் ஊர் ஊராகப் போயிருந்தது. அத்தா அலமாரியை எட்டிப் பார்த்தார். அங்கே போன் திரையில் தன் முகமே தன்னைப் பார்ப்பதைக் கண்டு, என் தோளை விட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பின்னால் குனிந்தார்.

உடனே பழனி மாமி அம்மாவின் போனில் வந்தார். "அவன்கிட்ட குடு! பெருநாளைக்கு எனக்குக் குடுத்தானே ஒரு ஸ்வெட்டரு, அதுவும் இந்த நைலான்தானா?"

மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்ததில், எங்கள் வீட்டு பிளக்குகளில் எர்த் ஓட்டை வெறும் அழகுக்கு இருந்தது தெரிந்தது. கம்பியே இழுக்கவில்லை; என் கையிலிருந்து போன கரண்ட் மண்ணுக்கு இறங்க வழியில்லாமல் கம்ப்யூட்டரைத்தான் உலுக்கியிருக்கிறது. அதைச் சரி செய்த பிறகு கம்ப்யூட்டர் இன்றுவரை அணையவில்லை. கடைப் பலகையில் 'அசல்' என்ற சொல்லின் மேல் அத்தாவே வெள்ளை பெயின்ட் அடித்தார். கொஞ்ச நாள் யார் முகத்தையும் பார்க்காமல் வியாபாரம் செய்தார்.

பிறகு ஒளிபரப்பைப் பார்த்த கல்லூரிப் பையன்கள் அந்த ஸ்வெட்டரையே கேட்டு வர ஆரம்பித்தார்கள். அத்தாவுக்குத் தெம்பு திரும்பியது. இப்போதெல்லாம் யாராவது, "பாய், இது குளிர் தாங்குமா?" என்று சந்தேகமாகத் தடவிப் பார்த்தால், மப்ளர் மடித்துக்கொண்டிருக்கும் என்னைக் கை காட்டிவிட்டுச் சொல்கிறார்:

"இந்த ஸ்வெட்டருக்கு முன்னாடி கம்ப்யூட்டராலயே நிக்க முடியலங்க. குளிரு எங்க நிக்கப்போகுது?"